நாற்பத்தேழு பேர், பன்னிரண்டு இலக்கம்

ரயில்வேயில் நான் பார்த்த வேலைக்கு உத்தரவுக் கடிதத்தில் வேறு பெயர் இருந்தது. யார்டில் எங்களை நம்பர் டேக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். அரக்கோணத்தில் சரக்கு வண்டி வந்து நின்றதும் கடைசி வேகனிலிருந்து எஞ்சின் வரைக்கும் ஜல்லியில் நடந்துபோய், ஒவ்வொரு வேகனின் எண்ணையும் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். ஐம்பத்தெட்டு வேகன் என்றால் அரைக் கிலோமீட்டருக்கு மேல். முப்பத்திரண்டு வருடம் நடந்தேன். ஓர் இலக்கம் தப்பினால் ஒரு வேகன் நிலக்கரி வேறு ஊரில் போய் நிற்கும். என் கையில் அப்படிப் போனவை இரண்டு. அதில் ஒன்று என் தப்பு இல்லை.

எண்களை எழுதியெடுப்பது எனக்குத் தெரியாத வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு திருத்தணியில் எங்கள் பகுதி மூத்தோர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். உறுப்பினர்கள் எண்பத்து மூன்று பேர். சென்ற வருடம் ஒரு கண் மருத்துவமனையிலிருந்து வந்து எல்லாருடைய கண்களையும் சோதித்தார்கள். நாற்பத்தேழு பேருக்குப் புரை முற்றியிருக்கிறது, அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை காலை அவர்களே பஸ் அனுப்பிக் கூட்டிப்போவார்கள், மறுநாள் கொண்டுவந்து விடுவார்கள். செயலாளர் செய்ய வேண்டியது ஒன்றுதான். நாற்பத்தேழு பேரின் பெயர், வயது, ஆதார் எண் ஆகியவற்றைப் பட்டியலாக்கி அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

முகாம் பொறுப்பாளரான அம்மாள் போனில் சொன்னார். "நம்பர் தப்பா இருந்தா அந்தப் பேரை கம்ப்யூட்டரே எடுத்துக்காது சார். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"எடுத்துக்கலைன்னா அடுத்த முகாம் எப்போம்மா?"

"ஆறு மாசம் ஆவும் சார்."

அந்த நாற்பத்தேழில் என் மனைவியும் ஒருத்தி. வலது கண்ணில் பாதிக்கு மேல் மறைத்துவிட்டது. வாசலில் இறக்கி வைத்திருந்த கேஸ் சிலிண்டரைப் பார்த்து, "வாங்க வாங்க, ஏன் அங்கியே நின்னுகினு இருக்கீங்க?" என்று ஒரு நாள் வரவேற்றாள். ஆனாலும் கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று இரண்டு வருடமாக ஒரே பிடிவாதம். நான் சொல்லிப் பார்த்தது எத்தனை முறை என்று குறித்து வைத்திருந்தேன், அறுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். கடைசியில் அவளுடைய தம்பிக்கும் புரை என்று தெரிந்ததும்தான் இறங்கி வந்தாள். "அவனும் நானும் ஒரே பஸ்ல, பக்கத்துப் பக்கத்து சீட்ல. அப்படின்னா வர்றேன்" என்றாள். இந்தப் பஸ் அவளை விட்டுவிட்டுப் போனால் ஆறு மாதம் கழித்து மறுபடி சம்மதிப்பாள் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இல்லை.

பஸ் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, திங்களன்று, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். அறுவைக்குப் போகிறவர்கள் தங்கள் ஆதார் எண்ணை அனுப்பவும். எப்படி அனுப்ப வேண்டும் என்று காட்டுவதற்காக என் டைரியில் எழுதி வைத்திருந்த என் மனைவியின் எண்ணை நானே முதலில் போட்டேன். வியாழன் மாலைக்குள் முந்நூற்று எண்பத்தாறு செய்திகள் வந்துவிட்டன. அவற்றில் காலை வணக்கம் மட்டும் நூற்றுப் பத்து. ஒருவர் தன் எண்ணை ஐந்து முறை அனுப்பியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "நீங்க பார்த்த மாதிரி தெரியலையே" என்றார். சிலர் கேஸ் புத்தகத்தின் எண்ணை அனுப்பினார்கள், சிலர் கரண்டு பில்லின் எண்ணை. ஒருவர் பேரனின் பள்ளிக்கூட எண்ணையே அனுப்பிவிட்டு, "இது வேணாம்னா சொல்லுங்க, வேற இருக்கு" என்றார்.

நான் கோடு போட்ட நீள நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றையும் எழுதி, படித்து, பின்னாலிருந்து ஒருமுறை படித்து, டிக் அடிக்க வேண்டும். வியாழன் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பத்தொன்பது பேர் முடிந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஆடிக் கிருத்திகை. அன்றைக்கு இந்த ஊரில் எந்த ஆபீசும் கிடையாது, எந்தத் தெருவிலும் கால் வைக்கவும் முடியாது. சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் புத்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த காவடிகள் விடியற்காலையிலிருந்து எங்கள் தெரு வழியாகத்தான் மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. இருநூற்று நான்கு வரை எண்ணிவிட்டு, இன்றைக்கு இது முக்கியம் இல்லை என்று உள்ளே வந்து நோட்டை எடுத்தேன்.

என் மருமகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். கம்பெனி சென்னையில் இருப்பதால் அவளுக்குக் கிருத்திகை லீவு இல்லை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"மாமா, இன்னும் எத்தனை பேரு?"

"இருபத்தெட்டு."

"அந்த சாட்டை அப்படியே எக்ஸ்போர்ட் பண்ணி எனக்கு அனுப்புங்க. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டா அதுவே நம்பரை மட்டும் பொறுக்கி எடுத்துடும்."

"பொறுக்கி எடுத்துட்டு எங்க கொண்டு போவும்?"

"எங்கயும் போவாது. இந்த லேப்டாப்ல தான் இருக்கும்."

"நெட்டு இருக்கும்போது எப்படிம்மா நம்பறது?"

"சரி, அரை நாள் லீவு சொல்லிட்டு, நெட்டைக் கழட்டிட்டே ஓட்டறேன். போதுமா?"

குழுவின் செய்திகள் அவளுக்குப் போய்ச் சேர்ந்ததும் நானே எழுந்துபோய் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினேன். எதற்கும் இருக்கட்டும் என்று டிவியின் பிளக்கையும் பிடுங்கினேன். சமையலறையில் மிக்சியின் பிளக்கில் கை வைத்தபோது, "அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று என் மனைவி கேட்டாள். விட்டுவிட்டேன்.

மருமகள் எழுதியதை எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று வரிகள். பன்னிரண்டு இலக்கங்கள் தொடர்ந்து வந்தால் எடுத்துக்கொள், நான்கு நான்காக நடுவில் இடம் விட்டிருந்தாலும் எடுத்துக்கொள் என்று அதற்குச் சொல்லியிருக்கிறாளாம். ஒரு விசையை அழுத்தினாள். நான் கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் முடிந்துவிட்டது.

"ஐம்பத்தெட்டு" என்றாள்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. "இருக்கறதே நாப்பத்தேழு பேரும்மா. பதினோரு பேரு எங்கேர்ந்து வந்தாங்க? அவங்களுக்கும் பஸ்ல சீட் போடணுமா?"

அவள் கோபிக்கவில்லை. வரிசையாகப் பார்த்தோம். ஐந்து முறை அனுப்பியவர் ஐந்து ஆளாக நின்றார். கரண்டு பில் எண்கள் மூன்று. மற்றபடி பன்னிரண்டு எண்கள் போன் நம்பர்கள். பத்து இலக்க நம்பருக்கு முன்னால் 91 சேர்ந்தால் பன்னிரண்டு ஆகிவிடுகிறது. அது எனக்கே தோன்றியிருக்காது.

"இதுக்கு வழி இருக்கு மாமா. ஆதார்ல கடைசி இலக்கம் சும்மா வர்றது இல்ல. முன்னாடி இருக்கற பதினொண்ணை வெச்சு ஒரு கணக்குப் போட்டுதான் அதைக் குடுப்பாங்க. அந்தக் கணக்கு சரியா வரலைன்னா அது ஆதாரே இல்ல."

இதைச் சொல்ல அவள் வேண்டுமா? வேகனில் பதினோரு இலக்கம், கடைசி இலக்கம் இதே மாதிரிச் சோதனை இலக்கம்தான். ஜல்லியில் நின்றபடி மனத்துக்குள் பெருக்கிக் கூட்டிப் பார்த்துவிடுவேன். இரு என்று சொல்லிவிட்டு நோட்டில் இருந்த பத்தொன்பது எண்களுக்கும் வேகன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேர்தான் தேறினார்கள்.

"ம்மா, பதினேழு பேரு போலி."

"அது வேற கணக்கு மாமா. மனுஷங்களுக்கு வேகன் கணக்கைப் போட்டா எப்படி?"

சோதனை இலக்கத்துக்காக மேலும் சில வரிகள் எழுதினாள். ஒரே எண் திரும்ப வந்தால் விடு, பூச்சியத்திலோ ஒன்றிலோ தொடங்கினால் விடு என்றும் சேர்த்தாள். இந்த முறை முப்பத்தொன்பது வந்தது. அதில் ஒன்றைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. அது என் சொந்தப் போன் நம்பர், முன்னால் 91 சேர்த்தது. கணக்கில் தற்செயலாகத் தேறியிருக்கிறது. இயந்திரம் பிடிக்காததை நான் பிடித்தேன் என்பதை நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். முப்பத்தெட்டு.

"பாக்கி ஒம்போது பேரு எங்க?"

"எட்டு பேரு முழு நம்பரா எதையும் அனுப்பலை. ஒருத்தரு அனுப்பியிருக்காங்க, ஆனா கணக்குல தப்புன்னு வருது." அவள் திரையில் விரலை வைத்துக் கொஞ்சம் தயங்கினாள். "அது அத்தையோடது மாமா."

"எழுதினது நானு. நான் எழுதினா தப்பு வராது. உன் ஸ்கிரிப்ட்டை இன்னொரு தடவை ஓட்டு."

மூன்று முறை ஓட்டினாள். மூன்று முறையும் தப்பு.

அப்போது மணி பன்னிரண்டே கால். அந்த எண்ணை ஒரு பக்கம் வைத்துவிட்டு மற்ற எட்டுப் பேரை முதலில் பார்க்கலாம் என்றாள். அவர்கள் என்ன அனுப்பியிருக்கிறார்கள் என்று என் போனில் செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனவள் சட்டென்று நின்று சிரிக்க ஆரம்பித்தாள்.

"மாமா, குரூப் பேருக்குக் கீழே எழுதி வெச்சிருக்கே, இதை எப்போ போட்டீங்க?"

இரண்டு வருடங்களுக்கு முன்னால் போட்டது. ஊரெல்லாம் ஆன்லைன் மோசடி என்று பேச்சாக இருந்த சமயம். சங்கக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசி, பேசியதைச் சுருக்கிக் குழுவின் பெயருக்குக் கீழே எழுதி வைத்தேன். பிறகு மறந்துவிட்டேன். அவள் சத்தமாகப் படித்தாள்.

"ஒன்று, ஆதார் எண்ணை ஒரே தடவையில் முழுவதுமாக யாருக்கும் அனுப்பாதீர். இரண்டு, அட்டையில் முதல் எட்டு இலக்கங்களை மறைத்து வைப்பீர். மூன்று, கூடிய மட்டும் நேரில் மட்டுமே சொல்வீர். நான்கு, எழுதி வைப்பதானால் ஓர் இலக்கத்தை உமக்கு மட்டும் தெரிந்த விதத்தில் மாற்றி எழுதுவீர். இப்படிக்கு, செயலாளர்."

நான் மறந்ததை அவர்கள் மறக்கவில்லை. எண்பத்து மூன்று பேரில் எட்டுப் பேராவது செயலாளர் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறார்கள். வேறொரு நாளாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

மூன்று பேர் போட்டோ அனுப்பியிருந்தார்கள். ஒன்றில் எண்ணின் மேல் கட்டைவிரல், ஒன்றில் விபூதிப் பொட்டலம், ஒன்றில் அட்டையின் பின்பக்கம். இரண்டு பேர் முதல் எட்டு இலக்கங்களுக்குப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அம்மையார்குப்பத்து நெசவாளி ஒருவர் வாயால் பேசி அனுப்பியிருந்தார், பின்னணியில் விசைத்தறி. அதை ஏழு முறை போட்டுக் கேட்டோம். முதலில் ஓர் ஆறு கேட்டது, மற்றதெல்லாம் தறி. இந்த ஆறு பேருக்கும் மருமகள் போன் செய்தாள். செயலாளரே கேட்கிறார் என்பதற்கு ஆதாரமாக நானும் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருந்தது. இரண்டு பேர் என் அப்பா பெயரைக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டுதான் எண்ணைச் சொன்னார்கள்.

ஏழாவது ஆள் என் மைத்துனர், என் மனைவியின் தம்பி. அறுபத்தாறு வயது. மணவூர்ப் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர். அவருக்கு நானே போன் செய்தேன்; அக்கா புருஷனான என்னை அவர் பாவா என்றுதான் கூப்பிடுவார்.

"பாவா, நான் கரெக்டா தானே போயிகினு இருக்கேன்? மொதல் நாலு செவ்வாக்கிழமை அனுப்பிட்டேன். நடு நாலு நேத்து அனுப்பிட்டேன். கடைசி நாலு நாளைக்கு வரும்."

"நாளைக்கு வந்தா பிரயோஜனம் இல்லடா. இன்னிக்கு நாலு மணிக்குக் குடுக்கணும்."

"ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஒரு நாளாவது இருக்கணும் பாவா. இல்லன்னா திருடன் மூணையும் சேர்த்துடுவான். நீங்க தானே மீட்டிங்ல அவ்ளோ நேரம் பேசினீங்க?"

என்னிடமிருந்து போனை என் மனைவி வாங்கிக்கொண்டாள். "டேய், கடைசி நாலை இப்ப சொல்றியா, இல்ல நான் அங்க வரட்டா?"

அந்தப் பக்கம் அட்டையைத் தேடி எடுக்கும் சத்தம். பிறகு நான்கு இலக்கங்கள் வரிசையாக வந்தன.

எட்டாவது ஆள் அரக்கோணம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாய். எனக்கு நாற்பது வருடப் பழக்கம். 'நேரில் வருகிறேன்' என்று ஒரே வரி அனுப்பியிருந்தார். சொன்னபடி ஒன்றே முக்காலுக்குக் காவடிக் கூட்டத்தில் நீந்தி, சட்டை நனைந்து, வந்து சேர்ந்தார். உள்ளே வந்ததும் ஜன்னலைச் சாத்தினார். மருமகளைப் பார்த்து, "தப்பா நெனைக்காதம்மா" என்று சொல்லிவிட்டு என் காதருகே குனிந்து முதல் நான்கு இலக்கங்களைக் கிசுகிசுத்தார். வெளியே பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க பாய்."

"சத்தமாவா? யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு நீங்க தானே சார் சொன்னீங்க?"

"எனக்கே கேக்கலையே!"

அவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். பம்பையும் உயர்ந்தது. கடைசியில் பட்டறையில் எஞ்சின் ஓடும்போது கத்துகிற குரலில் கத்தினார். முதல் நான்கு இலக்கம் முடிந்ததும் தெருவிலிருந்து "அரோகரா!" என்று சத்தம் வந்தது. அடுத்த நான்கு முடிந்ததும் இன்னொரு "அரோகரா!" பன்னிரண்டும் முடிந்தபோது பாய் ஜன்னலைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா சார் இது, திருத்தணி பூராவும் சேர்ந்து பதில் சொல்றானுங்க. என் நம்பரு மலை மேலயே போயிருச்சு."

"அவங்க யாரும் எழுதிக்கலை பாய்" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி மோர் கொண்டுவந்தாள். டம்ளரை அவர் கைக்கு அரை அடி தள்ளி நீட்டினாள். பாய்க்கும் புரைதான், அவரும் அரை அடி தள்ளிக் கையை நீட்டினார். மருமகள் எழுந்து டம்ளரைக் கையில் சேர்த்துவிட்டாள்.

பாய் போனபோது மணி இரண்டரை. நாற்பத்தாறு பேர் சரி. என் மனைவி ஒருத்தியின் எண்தான் பாக்கி.

நான்காவது விதி எனக்கே உரியது. மற்ற மூன்றும் பேப்பரில் படித்தவை, நான்காவதை நானே யோசித்தேன். அதன்படி டைரியில் அவளுடைய எண்ணில் ஓர் இலக்கத்தை எனக்கு மட்டும் தெரிந்த விதத்தில் மாற்றி எழுதியிருக்கிறேன். அது எந்த விதம் என்பது இரண்டு வருடத்தில் மறந்துபோய்விட்டது.

"அட்டையைப் பாருங்க மாமா."

அட்டையை எடுத்தேன். இரண்டாவது விதி. முதல் எட்டு இலக்கங்களின் மேல் அழியாத கறுப்பு மை இரண்டு பூச்சு. படிக்க மிஞ்சியிருந்தது கடைசி நான்கு மட்டும்.

"வேற காப்பி?"

"ஜெராக்ஸ் இருந்தா யாராவது எடுத்துடுவாங்கன்னு கிழிச்சுட்டேன்."

"போன்ல எடுக்கலாமே, ஆதார்ல குடுத்த போன் நம்பருக்கு ஓ.டி.பி. வந்தா..."

"அந்த சிம்முக்கு ஒரு தடவை மோசடிக்காரன் பேசினாம்மா. அன்னிக்கே அதைக் கேன்சல் பண்ணிட்டேன்."

இ-சேவை மையத்துக்குப் போய்க் கைரேகை வைத்தால் எடுத்துவிடலாம். ஆனால் கிருத்திகை, மையம் மூடியிருந்தது. என் மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"நீங்க விடுங்க. தம்பிகிட்ட நான் சொல்லிக்கறேன், அவன் மட்டும் போயிட்டு வரட்டும்" என்றாள். அவள் குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது என்பதுதான் என்னைக் கலக்கியது. இன்னும் பத்து நிமிடம் போனால் பெட்டியில் எடுத்துவைத்த புடவையை வெளியே எடுத்துவிடுவாள்.

எந்தத் திருடனும் இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. அவன் செய்திருக்கக்கூடியதை எல்லாம் நானே ஒவ்வொன்றாகச் செய்து முடித்திருந்தேன்.

மருமகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "மாமா, ஒரே ஒரு இலக்கம்தான் மாத்தினீங்க, அது நிச்சயமா?"

"விதியில ஒண்ணுன்னு தானே இருக்கு. ஒண்ணுதான்."

"கடைசி நாலு அட்டையில இருக்கறபடியே டைரியிலயும் இருக்கு. அப்போ மாத்தினது முதல் எட்டுல ஒண்ணு. எட்டு இடம், ஒவ்வொரு இடத்துக்கும் வேற ஒம்போது இலக்கம் வரலாம். மொத்தம் எழுபத்திரண்டு."

"எழுபத்திரண்டையும் அனுப்ப முடியாதும்மா."

"இருங்க. எழுபத்திரண்டையும் சோதனைக் கணக்குல ஓட்டிப் பார்க்கறேன்."

நான்கு வரிகள் சேர்த்தாள். எழுபத்திரண்டு எட்டாக வந்து நின்றது. ஓர் இடத்துக்கு ஒன்று, சரியாக எட்டு. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இவ்வளவு பதற்றத்திலும் அந்த எட்டைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதில் ஒன்று 1 என்று தொடங்கியது. ஆதார் அப்படித் தொடங்காது என்று அதை அடித்தாள். ஏழு.

"இதுல எது மாமா? நல்லா யோசிங்க. நீங்க மாத்தினா எந்த இடத்துல மாத்துவீங்க?"

யோசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். டைரியை எழுதியபோது எந்த நாற்காலியில் இருந்தேன், எந்தப் பேனா என்பதெல்லாம் நினைவுக்கு வந்தது. இடம் மட்டும் வரவில்லை. மணி மூன்று இருபது. ஏழில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் அனுப்பிவிடலாமா என்றால், எந்த ஊரிலோ உள்ள யாரோ ஒருவருடைய எண்ணாக அது இருந்து தொலைத்தால் என்ன ஆவது?

"மூணாவது" என்றாள் என் மனைவி.

இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"இன்னாத்துக்கு முழிக்கிறீங்க? அவரு எதை ஒளிச்சாலும் மூணாவதுதான். பீரோ சாவி மூணாவது புடவைக்குக் கீழே. முறுக்கு டப்பா மேல் தட்டுல மூணாவது. டாக்டர் வேணாம்னு சொன்னப்புறம் வாங்கி வெச்சுகினாரே மூக்குப்பொடி, அது இந்த அலமாரியில மூணாவது புத்தகத்துக்குப் பின்னாடி."

என் கண் தானாகவே அந்த அலமாரிக்குப் போனது. "உனக்கு எப்போ தெரியும்?"

"கல்யாணமான மூணாம் மாசத்துலேர்ந்து தெரியும். எடுத்துப் பார்த்துட்டுத் திரும்ப அங்கியே வெச்சுடுவேன். பாவம், ஒளிச்சு வெச்சோம்னு சந்தோஷமா இருந்துகினு இருப்பீங்க."

"எனக்கும் தெரியும் மாமா" என்றாள் மருமகள், திரையைப் பார்த்தபடி. "அவருதான் சொன்னாரு." அவர் என்றால் என் மகன். அவனுக்கும் தெரியும் என்று ஆகிறது. இந்த வீட்டில் தெரியாமல் இருந்தது நான் ஒருவன்தான்.

மருமகள் மூன்றாவது இடம் மாறிய எண்ணைப் பெரிதாக்கினாள். "டைரியில மூணாவது இலக்கம் 7. இதுல 4. அதாவது நீங்க மூணாவது இடத்துல மூணைக் கூட்டியிருக்கீங்க."

அதைக் கேட்டதும் எல்லாம் வந்துவிட்டது. மூன்றாவது இடம், கூட்டல் மூன்று. ரொம்பக் கெட்டிக்காரத்தனமான ரகசியம் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. மற்ற ஆறையும் பார்த்தோம், எதிலும் அப்படிப் பொருந்தவில்லை.

மோடத்தைச் செருகினேன். அது உயிர் பெற நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த நான்கு நிமிடத்தில் பச்சை விளக்கு முப்பத்தெட்டு முறை சிமிட்டியது. மூன்று நாற்பத்தொன்றுக்குப் பட்டியல் போனது. உடனே மருமகள் குழுவின் செய்திக் கோப்பை லேப்டாப்பிலிருந்து அழித்தாள். அழித்ததை என்னிடம் காட்டினாள். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழி என்றேன், அழித்தாள். குழுவில் எண் போட்டவர்களை எல்லாம் அவரவர் செய்தியை நீக்கச் சொல்லுங்கள் என்றாள். செய்தி போட்டேன். முதல் பதிலாக மைத்துனர், "மூன்றையும் ஒரே நாளில் நீக்கலாமா பாவா?" என்று கேட்டிருந்தார்.

நான்கு பத்துக்கு முகாம் அம்மாள் பேசினார்.

"சார், லிஸ்ட்டு ஏத்திட்டேன். மத்த ஊர் லிஸ்ட்டெல்லாம் அஞ்சாறு பேராவது அடிபட்டுகினு இருக்கு. உங்களுது நாப்பத்தேழும் பச்சை டிக் சார். எப்படி சார் எடுத்தீங்க?"

ஸ்கிரிப்ட் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு, அல்லது என் பக்கத்திலிருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு, நின்றாள்.

"வீட்ல மூணு பேரு சேர்ந்து எடுத்தோம்மா" என்றேன்.

என் மனைவி உள்ளே போய்ப் பெட்டியில் வைத்திருந்த புடவையை ஒருமுறை எடுத்து உதறி மடித்து மறுபடி உள்ளேயே வைத்தாள். நான் வாசலில் நின்று அதைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அக்காவும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போனார்கள், பின் சீட்டில் மெக்கானிக் பாய். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார்கள். கட்டு அவிழ்த்த மறுநாள் காலையிலேயே என் மனைவி வீட்டைச் சுற்றி வந்து, மின்விசிறியில் ஒட்டடை, என் பனியனில் இரண்டு ஓட்டை, சுவர் மூலையில் கரையான் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். பதினேழு குறைகள் வரை எழுதிக்கொண்டேன்.

பதினைந்து நாள் கழித்து அவளே என்னை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனாள். கைரேகை வைத்துப் புது அட்டை வாங்கினோம். அட்டையை என் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். நான் பன்னிரண்டையும் படிப்பதற்குள் அவள் அதை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்துத் தானே ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு பர்சுக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"குடு, பத்திரமா வெக்கறேன்."

"நான் வெச்சுக்கறேன்."

"எங்க வெப்பே?"

"அது எனக்குத் தெரிஞ்சா போதும்."

வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டை பர்சிலிருந்தும் போய்விட்டது. இதுவரை பத்தொன்பது இடங்களில் பார்த்துவிட்டேன். அரிசி டின்னுக்கு அடியில் பார்த்தேன், பூஜை அலமாரியில் படங்களுக்குப் பின்னால் பார்த்தேன், தலையணை உறைகளை உதறிப் பார்த்தேன். நேற்று மத்தியானம் நாற்காலி போட்டுப் பரணில் ஏறியபோது கீழேயிருந்து அவள் குரல் வந்தது.

"இறங்கும்போது பார்த்து இறங்குங்க. அங்கயும் இல்ல."